உப்புக் காற்றில் ஓர் இறாக்கை: யாழ்ப்பாணக் குடாநாட்டில் தரவு அறைகளின் பௌதிக அமைப்பு

தரவு நிலையம் என்பது, வழங்கிகள் எனப்படும் கணினிகளும், அவற்றை ஒன்றோடொன்றும் வெளியுலகோடும் பிணைக்கும் வலையமைப்புக் கருவிகளும், இவை யாவற்றுக்கும் இடையறாது மின்னும் குளிரும் ஊட்டும் துணைக் கருவிகளும் ஒருங்கே குடியிருக்கும் இடமாகும். இவ்விடத்தில் ஓடும் மென்பொருள் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அக்கருவி எந்த உயரத்தில், எத்திசை நோக்கி, எத்தகைய தரைமேல், எந்தக் காற்றில் நிற்கவேண்டும் என்பது பற்றி எழுதப்பட்டது மிகச் சிறிதே. கருவியோடு வரும் கைந்நூல் குளிர்நாட்டு ஆய்வுகூடத்தையோ பெருநகர் மண்டபத்தையோ மனத்திற்கொண்டு எழுதப்படுவது. அதை அப்படியே சுன்னாகத்திலோ பருத்தித்துறையிலோ நடைமுறைப்படுத்தினால், குறை எதுவும் இல்லாத கருவிகள் காலத்துக்கு முன்பே பழுதடைகின்றன. கருவிகளை அடுக்கும் சட்டகமான இறாக்கையின் அகலம் உலகெங்கும் ஒன்றாயினும் அதைச் சூழும் அறை அந்தந்த மண்ணுக்கும் காற்றுக்கும் உரியது என்பதையும், குடாநாட்டில் அவ்வறையை எவ்வாறு வகுக்கலாம் என்பதையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

குடாநாட்டைப் பொறுத்தவரை தரவு நிலையம் என்றதும் ஆயிரம் இறாக்கைகள் நிற்கும் மண்டபத்தை எண்ணுதல் பொருந்தாது. இலங்கையின் பெரிய தரவு நிலையங்கள் கொழும்பையும் அதன் அயலையும் சார்ந்தே உள்ளன. ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தின் நிலையம் ஹோமாகமைக்கு அருகே பிட்டிப்பனையில் இருக்கிறது. நாட்டை உலகோடு இணைக்கும் கடலடிக் கேபிள்களும் கொழும்பு, கல்கிசை, மாத்தறை ஆகிய கரைகளிலேயே ஏறுகின்றன. எனவே, செய்மதி இணைப்புகளை விட்டால், வடக்கின் ஒவ்வொரு தகவலும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தரைவழியாகச் சென்றே உலகை அடைகிறது. இந்நிலையில் ஒரு பல்கலைக்கழகத்துக்கோ வைத்தியசாலைக்கோ மாநகர சபைக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ இங்கு வேண்டியது ஒன்று முதல் நான்கு இறாக்கைகள் வரை கொண்ட சிற்றறையே ஆகும். சிறியது என்பதால் அதற்குத் திட்டம் வேண்டியதில்லை என்று கருதப்படுவது பெருந்தவறு. பெரிய நிலையத்தில் ஒரு குளிரூட்டி நின்றால் அடுத்தது ஏற்றுக்கொள்ளும், ஒரு பொறியியலாளர் உறங்கினால் மற்றவர் விழித்திருப்பார்; சிற்றறையிலோ பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஒன்றே இருக்கும், இரவில் ஆளே இருக்கமாட்டார். பிழையைத் தாங்கும் இடம் அங்கே குறைவு என்பதால் வடிவமைப்பு அங்கேதான் கூடுதலான கவனத்தைக் கேட்கிறது.

இப்பணிக்கு இம்மண்ணில் ஒரு முன்வரலாறும் உண்டு. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கணினி அறிவியலுக்கெனத் தனித் துறையை 1991இல் நிறுவியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து போரினால் துண்டிக்கப்பட்டிருந்தது. மீள இணைய இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. மின்சாரமற்ற நிலத்தில் கணினி கற்பிக்கத் துணிந்த அச்செயலை இன்று நினைவுகூர்வது புகழுரைக்காக அன்று. மின்வலு எப்போதும் கிடைக்கும் என்ற எடுகோளின்றிச் சிந்திக்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே இருந்தது என்பதும், இன்றைய வடிவமைப்பு அப்பழக்கத்தைக் கைவிடக்கூடாது என்பதும் அதனால் தெளிவாகும்.

முதலில் இறாக்கை. தொழில்நுட்பர் ‘றாக்’ என்னும் இவ்விரும்புச் சட்டகத்தின் அளவு ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி., 1922 அளவில் தன் இணைப்பகங்களில் கருவிகளை நெருக்கமாக அடுக்குவதற்கு வகுத்துக்கொண்ட 19 அங்குல அகலமே, அதாவது 482.6 மில்லிமீற்றரே, இன்றைய வழங்கியின் முகப்பு அகலமாகவும் நிலைத்துவிட்டது. உயரம் ‘யூ’ என்னும் அலகால் அளக்கப்படும். ஓர் அலகு 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீற்றர். பரவலாக விற்கப்படும் 42 அலகு இறாக்கை, அடியும் தலையும் சேர்த்து இரண்டு மீற்றர் அளவு உயரமானது. முன்தூண்களில் நிரையாக உள்ள சதுரத் துளைகள் ஒரே இடைவெளியில் அமைந்தவை போலத் தோன்றினும் அவ்வாறல்ல. ஓரலகுக்கு மூன்று துளைகள். அம்மூன்றுக்கும் இடையே இருமுறை 15.9 மில்லிமீற்றர் வந்து, அடுத்த அலகின் முதற்றுளைக்கு 12.7 மில்லிமீற்றரே வரும். குறுகிய அவ்விடைவெளியின் நடுவிலேதான் ஓர் அலகு முடிந்து மற்றொன்று தொடங்குகிறது. இதை அறியாது ‘கேஜ் நட்’ எனப்படும் கூண்டிட்ட நட்டை ஒரு துளை தள்ளிப் பொருத்துபவர், மேலே ஓர் அலகின் ஒரு பகுதியும் கீழே மற்றொன்றின் ஒரு பகுதியும் வீணாகி, அடுத்த கருவி எவ்வளவு தள்ளினும் நுழையாதபோதுதான் பிழையை உணர்வார். அதற்குள் மேலே நான்கு கருவிகள் ஏறியிருக்கும்.

அகலமும் உயரமும் நியமமாயினும் ஆழம் நியமமாகவில்லை என்பதே நடைமுறையில் மிகுந்த இடர் தருவது. ஆளி எனப்படும் வலையமைப்பு சுவிட்ச் பெரும்பாலும் ஆழம் குறைந்தது. 600 மில்லிமீற்றர் ஆழமுள்ள பெட்டிக்குள் அது இலகுவில் அமரும். வழங்கியோ 700 மில்லிமீற்றருக்கும் மேல் நீளமாக இருக்கக்கூடும். அதன் பின்னால் மின்வடமும் வலையமைப்புக் கேபிளும் வளைவதற்கு ஒரு சாண் இடமாவது வேண்டும். எனவே 1000 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆழமுள்ள இறாக்கையை வழங்கிகளுக்கென வாங்குவது, பின்கதவைக் கழற்றி வைத்துவிட்டு வாழ்நாள் முழுதும் தூசியோடு போராடுவதற்கே வழிவகுக்கும். நிறுவனம் இன்று ஆளி ஒன்றையே வாங்கினும், நாளை வழங்கி வரும் என்று கருதி ஆழமான இறாக்கையை வாங்குவதே சிக்கனம்.

அறை எங்கே இருக்கவேண்டும் என்ற கேள்விக்குக் குடாநாடு இரண்டு எதிரெதிரான விடைகளைத் தருகிறது. நிலம் தாழ்ந்தது, தட்டையானது. 2008 நவம்பரில் நிஷா புயலோடும் 2020 டிசம்பரில் புரெவியோடும் வந்த மழையில் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. ஆதலால் மேல்மாடி நல்லது என்று தோன்றும். ஆனால் பிளாற் எனப்படும் கொங்கிறீற்றுக் கூரை பகல் முழுதும் வெயிலை உண்டு இரவிலே அறைக்குள் உமிழ்வது. அதற்கு மேல் தண்ணீர்த் தாங்கியும் இருந்தால், கசிவு நேர் கீழே இறாக்கையின் தலையில் விழும். மேலும் கருவிகள் நிறைந்த இறாக்கை அரைத் தொன் முதல் ஒரு தொன் வரை பாரமாகலாம். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் அதைப் படியேற்றுவது ஆளுக்கும் கருவிக்கும் ஆபத்து. மாடியுள்ள கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத உள்ளறை ஒன்றைத் தேர்ந்து, கழிவறையோ நீர்க்குழாயோ மேலே இல்லாததை உறுதிசெய்து, அதன் தரையைச் சீமெந்து மேடையாக இரண்டடி உயர்த்துவதே சாலச் சிறந்தது. பாரமான கருவி கீழே, இலேசானது மேலே என்பது இறாக்கை சாயாதிருக்கப் பொதுவிதி. மேடை உயர்த்தாத அறையில் அவ்விதியைப் பின்பற்றினால் விலையுயர்ந்த சேமிப்புக் கருவிதான் வெள்ளத்தை முதலில் சந்திக்கும்.

இனிக் காற்று. குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கோ களப்புக்கோ வெகுதூரமில்லை. வைகாசி தொடக்கம் வீசும் சோளகம் புழுதியையும் உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். மழைக்காலத்து வாடை ஈரத்தைக் கொண்டுவரும். ஆனையிறவில் உப்பு விளைவிக்கும் வெயிலும் காற்றும் கணினி அறையின் யன்னல் விளிம்புக்கும் வருபவையே. இங்கே இரண்டு வேறு கேடுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று ஈரம், மற்றொன்று உப்பு. தனித்தனியே ஓரளவு பொறுக்கத்தக்க இவை, சேர்ந்தால் செப்பையும் வெள்ளியையும் அரிக்கின்றன.

ஈரத்தைப் புரிந்துகொள்ள உதவும் அளவு பனிபடுநிலை. காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையே அது. 30 பாகை செல்சியசும் 75 சதவீத சாரீரப்பதனும் கொண்ட காற்று, அதாவது தான் கொள்ளக்கூடிய நீராவியின் முக்காற்பங்கை ஏற்கெனவே கொண்டிருக்கும் காற்று, யாழ்ப்பாணத்தில் அன்றாடம் காணப்படுவது. அதன் பனிபடுநிலை 25 பாகை. ஆகவே 25 பாகைக்குக் குறைந்த எந்த மேற்பரப்பிலும் அக்காற்றுப் பட்டால், குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பது போல அதன்மேல் நீர் படியும். கணினி அறை எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு நன்று என்ற நம்பிக்கையில் பலர் குளிரூட்டியை 18 பாகையில் வைக்கின்றனர். மின் இருக்கும்வரை கேடு தெரியாது. மின்வெட்டு வந்து குளிரூட்டி நின்றதும், அறை புழுங்குகிறதே என்று காவலர் நல்லெண்ணத்தோடு கதவைத் திறந்துவிடுகிறார். வெளிக்காற்று உள்ளே வருகிறது. 18 பாகையில் குளிர்ந்திருந்த இரும்புச் சட்டகமும் நிறுத்தப்பட்டிருந்த கருவியின் மின்சுற்றுப் பலகையும் சில நிமிடங்களில் ஈரமாகின்றன. மின் திரும்பியதும் அந்த ஈரத்தின் மேலேயே மின்னோட்டம் பாய்கிறது.

தரவு நிலையங்களுக்கு வழிகாட்டும் அமெரிக்க அமைப்பான ஆஷ்ரே, கருவிக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 பாகை வரை இருக்கலாம் என்கிறது. இந்த எல்லையில் எந்த இடத்தில் நிற்பது என்பதை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். குடாநாட்டுக்கு உகந்தது 25 அல்லது 26 பாகை என்பதே இவ்வுரையின் உறுதியான கருத்து. அந்நிலையில் இரும்பின் மேற்பரப்பு வெளிக்காற்றின் பனிபடுநிலைக்குக் கீழே செல்வது அரிது, மின்பட்டியலும் குறையும். அதே அமைப்பு உள்ளே வரும் காற்றின் பனிபடுநிலை 15 பாகைக்கு மேற்படலாகாது என்றும் பரிந்துரைப்பதால், குளிர்நாடுகளில் செய்வதுபோல வெளிக்காற்றை நேரே உள்ளிழுத்துக் கருவியைக் குளிர்விக்கும் முறை இங்கு ஆண்டின் எந்த மாதத்திலும் ஏற்றதன்று. அறை அடைத்திருக்க வேண்டும். யன்னலை மூடிக் கட்டிவிடுவதே மேல். கதவின் அடிவிளிம்பில் இறப்பர்ப் பட்டி வேண்டும்.

உப்பின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. கறியுப்பின் படிகம் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானே நீரை இழுத்துக் கரைசலாகும். அதற்குக் கீழே உலர்ந்த தூளாகக் கிடக்கும். கடலுப்போடு கலந்துவரும் மக்னீசியம் குளோரைட்டோ அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே நீரை ஈர்த்துக்கொள்ளும். எனவே ஈரப்பதனை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது கேட்டின் பெரும்பகுதியைத் தடுக்கும். முழுவதும் தடுக்க உப்பே உள்ளே வராதிருக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிப் பெரிய குளிரூட்டி ஈரத்தை நன்கு அகற்றும் என்று எண்ணுவது தவறு. அது அறையை விரைவாகக் குளிர்வித்துவிட்டு ஓய்ந்துவிடும். நீரைப் பிரித்தெடுக்கப் போதிய நேரம் ஓடாது. தேவைக்கு ஏற்ற அளவில் இரண்டு குளிரூட்டிகளை வைத்து மாறிமாறி ஓட்டி, மழைமாதங்களில் ஈரம் உறிஞ்சும் தனிக்கருவி ஒன்றைச் சேர்ப்பது நல்ல வழி. குளிரூட்டியின் வெளிப்பகுதியிலுள்ள அலுமினியத் தகடுகளையே உப்பு முதலில் தின்னும் என்பதால், அதைச் சோளகம் நேரே அடிக்காத சுவரில் வைத்து, மாதந்தோறும் நன்னீரால் கழுவுதல் வேண்டும்.

வெப்பத்தின் அளவை எளிதாகக் கணக்கிடலாம். கருவி உண்ணும் மின்வலு முழுதும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. இரண்டு இறாக்கைகள் 3 கிலோவாற்று உண்டால் அறைக்குள் 3 கிலோவாற்று அடுப்பு ஒன்று இரவுபகலாக எரிவதற்குச் சமம், கடைகளில் பி.ரி.யூ. கணக்கில் விற்கப்படும் குளிரூட்டிகளின் அளவில் அது மணிக்கு 10,200 ஆகும். சுவரும் கூரையும் ஆட்களும் சேர்க்கும் வெப்பத்தையும் கூட்டினால் 12,000 பி.ரி.யூ. கருவி போதாது, 18,000 வேண்டும். பத்தடிக்குப் பதின்மூன்றடி பரப்பும் பத்தடி உயரமும் உள்ள அறையின் காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால், அந்த 3 கிலோவாற்று அதை ஒரு பாகை உயர்த்த 15 விநாடிகூடத் தேவையில்லை. சுவரும் இரும்பும் பெரும்பகுதியை உறிஞ்சுவதால் உண்மையில் இவ்வளவு விரைவாக ஏறாதெனினும், மின்வெட்டில் மின்கலத்தால் ஈடுகொடுக்கும் யூ.பி.எஸ். கருவிகளை இயக்கிக்கொண்டிருக்க, குளிரூட்டி மட்டும் நின்றிருக்கும் அரைமணி நேரம் எத்துணை ஆபத்தானது என்பதை இக்கணக்குக் காட்டும். யூ.பி.எஸ். மின்கலம் பெரிதானால் பாதுகாப்பு மிகும் என்பது, குளிரூட்டிக்கும் மாற்று மின் இருந்தால் மட்டுமே உண்மை. இல்லாவிடில் வெப்பநிலை 35 பாகையைத் தொட்டதும் வழங்கிகள் தாமாகவே ஒழுங்காக நின்றுவிடும்படி அமைத்தல் வேண்டும்.

குளிர்ந்த காற்று எங்கே புகுந்து எங்கே வெளியேறுகிறது என்பதும் அளவைப் போலவே முக்கியமானது. வழங்கிகள் முன்னால் காற்றை இழுத்துப் பின்னால் விடுபவை. ஆளிகளில் இரு வகை உண்டு: கேபிள் செருகும் துளைகள் உள்ள பக்கத்தால் காற்றை இழுப்பவையும் அப்பக்கத்தால் விடுபவையும். வழங்கிகளின் கேபிள் துளைகள் பின்னால் இருப்பதால், ஆளியையும் பின்பக்கம் நோக்கிப் பொருத்துவது வசதி. அப்போது துளைப்பக்கமாகக் காற்றை வெளிவிடும் வகையையே வாங்கவேண்டும். மாறி வாங்கினால் அந்த ஆளி, வழங்கிகள் உமிழ்ந்த சுடுகாற்றையே தன் குளிர்காற்றாக உண்டு ஆயுள் குறையும். இவ்வேறுபாட்டைப் பல உற்பத்தியாளர் விசிறியின் கைப்பிடி நிறத்தால் காட்டுகின்றனர். கட்டளை கொடுக்கும் தாளில் ஓர் எழுத்தே வேறுபடும். கருவியில்லாத அலகுகளை வெற்றுத் தகட்டால் மூடுதல் சிறிய செலவில் பெரும்பயன் தருவது. மூடாத இடைவெளியூடாகச் சுடுகாற்று முன்புறம் சுற்றிவந்துவிடும்.

மின் பற்றிய பகுதியில் முதலில் சொல்ல வேண்டியது, வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் என்று வழங்கும் மீதியோட்டச் சுற்றுடைப்பான் பற்றியே. உயிர்க்கம்பியில் சென்ற மின்னோட்டம் நொதுமலில் முழுதாகத் திரும்பாமல் சிறிதளவு மண்ணுக்குச் சென்றால் அது சுற்றைத் துண்டிக்கும். 30 மில்லி அம்பியர் எனக் குறிக்கப்பட்டது 15க்கும் 30க்கும் இடையில் எப்போதும் துண்டிக்கலாம். கணினியின் பவர் சப்ளை ஒவ்வொன்றிலும் மின்னிரைச்சலை வடிகட்டும் பகுதி ஒன்று உண்டு. அது பழுதின்றி இயங்கும்போதே ஓரிரு மில்லி அம்பியரைப் புவித்தொடுப்புக்குக் கசியவிடும். ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லி அம்பியர் கசிந்தால் பன்னிரண்டு பவர் சப்ளைகள் கூடி 18 ஆகிறது. ஒரு குறையும் இல்லாத இறாக்கை நள்ளிரவில் திடீரென முழுவதும் அணைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். காரணம் தெரியாதவர் ட்ரிப் சுவிட்சையே சுற்றிலிருந்து அகற்றிவிடுவர். அது ஆளைக் கொல்லக்கூடிய செயல், எந்த நிலையிலும் செய்யத்தகாதது. சுமையைப் பல சுற்றுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்றுடைப்பான் இடுவதும், இரண்டு பவர் சப்ளை உள்ள கருவியின் ஒன்றை ஒரு சுற்றிலும் மற்றதை வேறொரு சுற்றிலும் இணைப்பதுமே தீர்வு.

புவித்தொடுப்பு இந்நிலத்துக்கே உரிய சிக்கல். குடாநாட்டின் செம்மண் பல இடங்களில் மெல்லிய படை. அதன் கீழே சுண்ணாம்புக்கல். உலர்ந்த சுண்ணாம்புக்கல் மின்னை எளிதில் கடத்தாது; மின்னை மண்ணுக்குக் கடத்தும் கோல் ஒன்றை அடித்தால் சில அடியிலேயே கல் தட்டும். ஆழமாக அடிக்க முடியாத இடத்தில் பல கோல்களைத் தள்ளித்தள்ளி அடித்துப் பிணைப்பதும், செப்புப் பட்டியை மண்ணுக்குள் கிடையாகக் கட்டடத்தைச் சுற்றிப் புதைப்பதும் வேண்டும். புவித்தொடுப்பின் தடையை அளப்பதற்குரிய காலம் மார்கழியன்று. மண் நனைந்திருக்கும்போது எந்தப் புவித்தொடுப்பும் நல்லதாகவே காட்டும். நிலம் காய்ந்து கிடக்கும் ஆவணி, புரட்டாதியில் அளந்து நிறைவு கண்டால்தான், ஐப்பசியில் முதல் மழையோடு வரும் இடிமின்னலை அது தாங்கும். ஒரு வளவுக்குள் இரண்டு கட்டடங்களை இணைக்கும்போது செப்புக் கேபிளைத் தவிர்த்து ஒளியிழைக் கேபிளையே இழுக்கவேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். அருகே மின்னல் விழும்போது இரண்டு கட்டடங்களின் புவித்தொடுப்புகளுக்கும் இடையே பெரும் அழுத்த வேறுபாடு எழுகிறது. செப்புக் கேபிள் அதைச் சமன்செய்யும் பாதையாகி இருபுறத்து ஆளிகளையும் எரிக்கும். கண்ணாடியிழைக்கு அக்குறை இல்லை. செலவு கூடும் என்ற வாதம் ஒரேயொரு மாரியில் பொய்த்துவிடும்.

மின்தடையைப் பொறுத்தவரை இரண்டு வகை அனுபவங்கள் நாட்டுக்குக் கிடைத்துவிட்டன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் தொடங்கிய தடங்கல் நாடு முழுவதையும் சில மணிநேரம் இருளாக்கியது, அத்தகையதை யூ.பி.எஸ்.சும் மின்பிறப்பாக்கியும் கடத்திவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதோ வேறு வகையானது. அப்போது மின்பிறப்பாக்கிக்கு ஊற்ற டீசலும் கிடைக்கவில்லை. கூரையில் சூரியப் படலம் இருக்கிறதே என்று ஆறுதல்கொண்டவர்களும் ஏமாந்தனர், ஏனெனில் மின்வலையோடு மட்டும் பிணைந்த, இன்வேர்ட்டர் எனப்படும் மாற்றி, வலையில் மின் நின்றதும் திருத்துவோரின் உயிர்ப்பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். மின்கலத்தோடு தனித்தியங்கும் மாற்றியே உதவும். எல்லாவற்றையும் எப்போதும் இயக்குவது என்ற குறிக்கோளை விட்டு, எது முதலில் நிற்கவேண்டும், எது கடைசிவரை இயங்கவேண்டும் என்ற வரிசையை அமைதியான காலத்திலேயே எழுதி இறாக்கையின் கதவில் ஒட்டிவைத்தல் அறிவுடைமை.

அத்தாளில் தமிழும் இருக்கவேண்டும். இரவில் அங்கே இருப்பவர் பொறியியலாளர் அல்லர், காவலர். தொலைபேசியின் மறுமுனையில் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவர் சொல்வதைக் கேட்டு அவரே கை வைக்கவேண்டியிருக்கும். அவருக்கு ஆளி எது, யூ.பி.எஸ். எது என்று தெரிய வேண்டியதில்லை. “இரண்டாம் இறாக்கை, 24ஆம் அலகு, வலப்பக்கத்துச் சிவப்பு வடம்” என்றால் கை தவறாமல் போகவேண்டும். ஆகவே அலகு எண் தூணில் பெரிதாக எழுதப்பட்டிருத்தலும், கேபிளின் இரு முனையிலும் ஒரே எண் ஒட்டியிருத்தலும், இரண்டு மின்வழிகளுக்கும் இரண்டு நிற வடங்கள் இருத்தலும் அலங்காரமல்ல. கேபிள்களைப் பிளாஸ்ரிக் பட்டியால் இறுக்கிக் கட்டுவது செப்புச் சோடிகளை நெரிக்கும். ஒட்டியெடுக்கக்கூடிய துணிப்பட்டியே தக்கது. சுவருக்குள் நிலையாகச் செல்லும் செப்புக் கேபிள் 90 மீற்றர், இருமுனையிலும் செருகும் கேபிள்கள் சேர்ந்து 10 மீற்றர், மொத்தம் 100 என்ற எல்லை யாவரும் அறிந்ததே. அறியாமல் விடப்படுவது, கேபிள் நுழையும் சுவர்த்துளை. அதைத் தீ தாங்கும் பூச்சால் அடைக்காவிடின் எலியும் அணிலும் பல்லியும் எறும்பும் அதனூடாகவே வருகின்றன. வெப்பத்தை நாடி வரும் பல்லி மின்னோட்டமுள்ள முனைகளுக்கு இடையில் அகப்பட்டு விலையுயர்ந்த யூ.பி.எஸ். ஒன்றை அழித்துவிடக்கூடும்.

மின்கலங்கள் இருக்கவேண்டியது வேறு அறையில். 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் டேஜோன் நகரில், அரசின் தேசியத் தரவு நிலையத்தில், யூ.பி.எஸ். லிதியம் மின்கலங்களை இடம்மாற்றும் பணியின்போது தீப்பற்றி, 709 அரச கணினி முறைமைகள் நின்றன. அரச ஊழியர்கள் தம் ஆவணங்களை வைத்திருந்த 858 ரெராபைற்றுத் தொகுதி ஒன்று, மிகப் பெரிதென்பதால் வேறிடத்தில் பிரதி எடுக்கப்படாமலே இருந்து, முற்றாக அழிந்தது. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டில், வழங்கியும் மின்கலமும் ஒரே மண்டபத்தில் நெருங்கி இருந்ததன் விளைவு அது. சிற்றறையிலே இடமில்லை என்று மின்கலப் பெட்டியை இறாக்கையின் அடியில் திணிப்பவர், தீ மேல்நோக்கி எரியும் என்பதை எண்ணவேண்டும். ஒரு செங்கற் சுவர்கூடப் பெருங்காப்பு.

ஒரே கூரையின் கீழ் ஒரே பிரதியாக இருந்த அறிவை இழப்பது எத்தகையது என்று யாழ்ப்பாணத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1959இல் திறக்கப்பட்ட பொது நூலகம் 1981 ஜூன் தொடக்கத்து இரவில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் வேறு எங்குமில்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வருடிப் பாதுகாத்துவருவது அந்த இழப்பின் நினைவிலிருந்து பிரிக்கமுடியாதது. ஆனால் எண்ணிமமாக்கியதாலேயே ஒன்று பாதுகாப்புப் பெற்றுவிடாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் முகிற் கணினிச் சேவை மீது நிகழ்ந்த தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளப்பெற முடியாமற் போயின; அக்காலத்துக்குரிய பிரதி வேறிடத்தில் இருக்கவில்லை.

பிரதி எங்கே இருக்கவேண்டும் என்பதும் இடவமைப்புச் சார்ந்த கேள்வியே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில், திருநெல்வேலி வளாகத்திலிருந்து 60 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளன. இதுபோலக் களப்புக்கு அப்பால் வன்னியில் இரண்டாம் அறை ஒன்றை அமைக்கும் நிறுவனம் தீயிலிருந்தும் உள்ளூர் வெள்ளத்திலிருந்தும் காப்புப் பெறும். அதேவேளை குடாநாட்டுக்கு மின் வருவது கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்குச் செல்லும் 132 கிலோவோல்ற்று வழியால். வங்கக் கடலில் உருவாகும் புயல் இரண்டு ஊர்களையும் ஒரே நாளில் கடக்கக்கூடும். ஒளியிழைகளும் பெரும்பாலும் ஒரே நெடுஞ்சாலையைப் பின்பற்றுபவை. ஆகையால் அறிவியல் நகரிலுள்ள பிரதி நாளாந்த மீட்சிக்கு உரியது. மூன்றாவது பிரதி கண்டி போன்ற மலைநாட்டு ஊர் ஒன்றிலோ கொழும்பிலோ, வேறொரு மின்வழியிலும் வேறொரு மழைக்காலத்திலும் இருக்கவேண்டும். அதன் வட்டுகள் மாதம் ஒருமுறையாவது உண்மையில் மீளப்படிக்கப்பட்டு, வைத்த கோப்பும் திரும்பிய கோப்பும் ஒன்றே என ஒப்பிட்டு உறுதிசெய்யப்படுதல் வேண்டும். அப்பணிக்குரிய ஆளையும் நாளையும் இறாக்கை வாங்கும் மதிப்பீட்டிலேயே எழுதிவைக்கும் நிறுவனங்கள் இன்னும் மிகச் சிலவே.